மூன்றாவது கட்டம்

குளச்சல் விருந்தினர் மாளிகையின் மாடி அறையில்
மின்விசிறிக்கு மூன்றாம் எண்ணில் மட்டும்தான் உயிர்.
இருபது ஆண்டுகளை ஒரு தாளில் மடித்து வைக்கச் சொல்லி
தலைமையகத்திலிருந்து கடிதம்:
"கடற்படைத் திறன் தொலைநோக்கு. ஒரே பக்கம்.
திங்கள் காலைக்குள்."

முதல் வரைவில்
ரோந்துக் கப்பல் எட்டு என்று எழுதினேன்.
ரேடார் பதினான்கு.
ஆளில்லா விமானம், தேவைக்கேற்ப.
கமாண்டர் சிவதாணு அரைமணியில் திருப்பி அனுப்பினார்:
"இது வடசேரிச் சந்தைக்குக் கொடுத்துவிடும் சீட்டு.
வாங்கி வந்து என்ன வைக்கப்போகிறாய்,
குழம்பா, பாயசமா?"

துப்பாக்கி திறன் அல்ல,
அது இருப்பதால் எது நடக்கும் என்பதே திறன்.
பயிற்சி வகுப்பில்
நானே ஆண்டுதோறும் நடத்துகிற பாடம் இது.

இரண்டாம் வரைவில் பொருள் ஒன்றும் இல்லை.
ஒருங்கிணைந்த, தடையற்ற, எதிர்காலத்துக்கேற்ற என்று
அடைமொழிகளின் அணிவகுப்பு மட்டும்.
ஓரத்தில் அவர் கையெழுத்து:
"இதை வேளாண்மைத் துறைக்கும் அனுப்பலாம்.
கடல் எங்கே?"

கடல் சன்னலுக்கு வெளியே கிடந்தது.
இறங்கி நடந்தேன்.
வெற்றித்தூணின் நிழலில் யாரோ வலை உலர்த்தியிருந்தார்கள்.
வென்றது தூணில் இருக்கிறது.
வெல்வதற்கு முந்தைய ஆண்டுகளில்
எவன் எந்த ஓலையில் எதை அடித்து எதை எழுதினான்
என்பது இல்லை.

மறுநாள் ஜீப் எடுத்து, கணபதியான்கடவுப் பாலம் தாண்டி
தூத்தூர்.
டெல்பின் மேரி வீட்டு மொட்டைமாடியில்
தென்னையை விட உயரமாய் ஒரு ஏரியல்.
உள்ளே வயர்லெஸ் பெட்டி, பக்கத்தில் கணக்கு நோட்டு,
ஸ்கேல் வைத்துப் போட்ட மூன்று கட்டம்:
கூப்பிட்ட நேரம். நிக்குற இடம். ஆரு கேட்டது.

தங்கலுக்குப் போன படகுகள் எல்லாம்
அந்த நோட்டில்தான் தங்கியிருந்தன.
புயல் ராத்திரிப் பக்கத்தை அவளே திருப்பிக் காட்டினாள்.
4.10, மினிக்காய்க்கு மேற்கே. மூன்றாவது கட்டம் வெறுமை.
4.40, அதே படகு. வெறுமை.
5.15, அதே படகு. வெறுமை.
அதற்கு அடுத்த வரியில்
வேறு படகு.

"கப்பலு வரல்லன்னு நான் கொறை சொல்லல்ல, சாரே.
கடலு அப்பிடி. வர ஒக்காது.
கேட்டுது, கெடக்கு, வாறோம் என்னு
ஒரு வாக்கு. ஒற்ற வாக்கு.
கட்டத்தை அடைக்க அது போதும் எனக்கு."

திரும்பும் வழியில் புதுக்கடையில் ஜீப்பை நிறுத்தி
டீக்கடைப் பெஞ்சில் மூன்றாம் வரைவு எழுதினேன்.
'ஐந்நூறு மைலுக்குள் எந்தப் படகு கூப்பிட்டாலும்
கால்மணி நேரத்தில் ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும்.
அரைநாளில் ஒரு கை எட்டும்.'
எழுதிய பிறகு பெட்டிகளும் அம்புக்குறிகளும்
கேட்காமலே வந்து உட்கார்ந்தன:
விடியற்காலை நாலு மணிக்கு யார் விழித்திருப்பது,
தூத்தூர்ப் பேச்சு யாருக்குப் புரியும்,
உத்தரவுக்குக் காத்திராமல் யார் கிளம்பலாம்.
ரேடார் பதினான்கு ஒன்பதாயிற்று.
மிச்சப் பணத்தில்
காதுகள் வாங்கலாம்.

சிவதாணு திருப்பி அனுப்பவில்லை.

குழு கூடியது. குரல் என்பதை
'மறுமொழிச் சமிக்ஞை' ஆக்கினார்கள்.
கை என்பது 'மீட்புச் சொத்து' ஆயிற்று.
போகட்டும், சொல்லுக்கு நான் சண்டை பிடிக்கவில்லை.
கால்மணியை ஆறுமணி என்றபோது பிடித்தேன்.
இழுத்துப் பிடித்து, முதற்கட்டத்துக்கு இரண்டு மணி,
கால்மணி மூன்றாவது கட்டத்துக்கு,
அதுவும் 'நிதிநிலைக்கு உட்பட்டு'.

டெல்பினைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கரகரப்பு. யாரோ நெடுந்தொலைவில்
ஐஸ் தீர்ந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
"ரெண்டு மணியா?" என்றாள்.
"ஆமாம்."
"எந்த வருசம் தொட்டு?"
சொன்னேன்.
பேனா மூடி திறக்கும் சத்தம்.
"தேதி போட்டு எழுதியாச்சு, சாரே.
உங்க பேரும் போட்டிருக்கு."